சந்தேகம் இருந்தால் சுகுமாரனைக் கேட்கவும்

அன்று காலை தேங்காய்ச் சட்னியில் உப்பு கூடிவிட்டதாகச் சுகுமாரன் சொன்னான். நான் அவன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டேன்.

"உப்பு ஜாஸ்தின்னா சட்னியக் கொறைக்கணும். நீ தோசையக் கூட்டுறியேக்கா."

"ரெண்டும் ஒண்ணுதான். சாப்புடு."

"எல்லா வியாதிக்கும் உங்கிட்ட இன்னொரு தோசதான் மருந்துலா," என்று சிரித்துக்கொண்டே அதையும் சாப்பிட்டான். ஜன்னலுக்கு வெளியே பனி எதிர்லயத்து வரிசை வீடுகளின் கூரைவரை இறங்கியிருந்தது. இந்தக் குளிரில் எதுவும் காயாது என்பதால் காலுறைகளைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போட்டு வைப்போம். அவன் அங்கே கைவிட்டு எடுத்து, இரண்டும் வெவ்வேறு ஜோடி என்பதைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டான். நான் கவனித்தேன். சொல்லவில்லை. பூட்ஸுக்குள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்.

நீங்கள் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உதவிப் பக்கங்களை இனிமேல் கோலாலம்பூரிலிருந்து நீங்களே பார்த்துக்கொள்ளப்போவதாகச் சொன்னீர்கள். பழைய கோப்புகளைப் பார்த்தபோது, டிரையர் பக்கத்தின் தமிழ் ஸ்டைல் ஷீட் விபத்து நடந்த அதே நாளில் மாற்றப்பட்டிருக்கிறதே, ஏன் என்று கேட்டீர்கள். மரியாதையாகத்தான் கேட்டீர்கள். இதற்கு முன் வந்த அதிகாரிகள் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. பதில் சுருக்கமானது. ஆனால் சுருக்கமாகச் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கிறது. நான் இங்கே ஆபீஸ் கிராணி, எழுத்து வேலை எல்லாம் என் பொறுப்பு. பெயர் விக்னேஸ்வரி என்றாலும் தொழிலாளர்களுக்குக் கிராணிம்மா. சுகுமாரன் என் ஒரே தம்பி. இதே தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தான். நான் ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் அம்மா இறந்தாள். அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. அப்பா கவாத்து வேலை முடிந்து வந்தால் படுத்துவிடுவார். அவரும் அதிக காலம் இருக்கவில்லை. பிறகு எனக்கு வரன்கள் வந்தன. ஒருவருக்குக் கிள்ளானில் சொந்த வீடு இருந்தது. தம்பியையும் கூட்டிவரலாம் என்றுகூடச் சொன்னார். நான் போகவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை.

லயம் முழுக்க முன்பு எங்கள் ஆட்கள்தான். ஒவ்வொரு குடும்பமாக ஈப்போவுக்கும் ஷா ஆலமுக்கும் இறங்கிப் போய்விட்டது. இப்போது பக்கத்து வீட்டில் நேப்பாளத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். பார்த்தால் தலையசைப்பார்கள். அதற்கு மேல் பேச எங்களுக்குள் பாஷை இல்லை. எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் நான் கேட்ட குரல், பல வருஷங்களாக, சுகுமாரனுடையது ஒன்றுதான்.

வெளிநாட்டு ஆட்கள் அதிகமானதும், ஃபேக்டரியில் ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பக்கத்திலும் ஒரு டேப்லட் வைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் முடிவெடுத்தது. இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, எப்படித் துப்புரவு செய்வது என்று மலாயிலும் தமிழிலும் சொல்லும் பக்கங்கள் அதில் இருக்கும். பக்கங்களை எழுதும் மென்பொருளைக் கற்றுக்கொள்ள என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். ஓட்டல் அறையில் தனியாகத் தூங்கியது அதுதான் முதல் தடவை. அந்த மென்பொருள் எனக்குப் பிடித்துப்போயிற்று. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன்.

எதை முதலில் செய்தாலும் பரவாயில்லை என்றால் புள்ளிப் பட்டியல். ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்தது என்றால் எண் பட்டியல். எது எப்படித் தெரிய வேண்டும், எண் எங்கே தொடர வேண்டும், எங்கே மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஸ்டைல் ஷீட்டில் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், பக்கம் கீழ்ப்படியும். இதில் கவனமாக இருக்க வேண்டியது ஓர் இடத்தில்தான். படிகளுக்கு நடுவே சில சமயம் ஓர் எச்சரிக்கை வரும். 'சூடு இறங்கும்வரை காத்திருக்கவும்' என்பதுபோல ஒரு பத்தி. அது பட்டியலுக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆனால் அதற்கு எண் விழக் கூடாது. அதற்கென்று எண் இல்லாத ஒரு ஸ்டைல் உண்டு. அதைக் கொடுத்தால் மூன்றாம் படி, எச்சரிக்கை, நான்காம் படி என்று ஒழுங்காகப் போகும். கொடுக்க மறந்தால் எச்சரிக்கையே நான்காகிவிடும். அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒவ்வொன்று தள்ளிப்போகும். மலாய்ப் பக்கத்துக்கு ஒரு ஷீட், தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு ஷீட். இரண்டையும் நான்தான் அமைத்தேன்.

எல்லாப் பக்கங்களுக்கும் அடியில் தானாக வந்து நிற்கும்படி ஒரு வரியும் வைத்தேன். சந்தேகம் இருந்தால் சுகுமாரனைக் கேட்கவும். அவன் அதைப் பார்த்துவிட்டு, "கோயில் நோட்டீஸ்ல பேரு போட்ட மாதிரி இருக்குக்கா," என்றான். கேலிதான். ஆனால் அன்று டேப்லட்டை அவன் மூன்று நான்கு பேரிடம் காட்டினான்.

இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சாயங்காலம் வேலை விட்டு வந்து, தேநீர் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். எழுதியதை அவன் வாய்விட்டுப் படிப்பான். தப்பு இருந்தால் மேசையில் தட்டுவான். அந்தச் சாயங்காலங்களைப் போல என் வாழ்க்கையில் வேறு எதுவும் இருந்ததில்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் ரிங்லெட்டில் ஒரு கல்யாண வீட்டில் அவன் சசிரேகாவைப் பார்த்தான். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. பிறகு போன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தாப்பா வழியாக இறங்கிப் போய் வருவது. ஈப்போவிலேயே லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலையும் கிடைத்தது. நாற்பதைத் தாண்டியவனுக்கு இப்படி அமைந்தது பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"நீயும் வந்துரேன்க்கா," என்றான். "சசி வீட்ல மூணு ரூம் இருக்கு. அவளே சொன்னா."

"எனக்கு அந்த வெயில் ஒத்துக்காதுடா."

"ஃபேன் போட்டுக்கலாம்லா."

நான் சிரித்தேன். அடுத்தவள் வீட்டு மூன்றாவது அறையில், அவளுடைய மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் என்னை ஒரு கணம் பார்த்தேன். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மேனேஜர் கிஷன் இளவயதுக்காரர். மூத்த தொழிலாளர்கள் இன்னும் அவரைத் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். சுகுமாரன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தபோது அவர் தடுக்கவில்லை. பக்கங்கள் எல்லாம் முடியும்வரை மட்டும் இருந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். அவன் தலையில் இருப்பதெல்லாம் டேப்லட்டுக்குள் வந்துவிட்டால் போதும். நியாயமான வேண்டுகோள்தான்.

ஃபேக்டரியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாக்கண்ணு ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "மாப்ளைக்கு எப்பங்க தொர விடுதல?"

"பேஜ் எல்லாம் முடிஞ்சா அன்னைக்கே விட்டுர்றேன்லா," என்றார் கிஷன்.

"அப்ப சாவி உங்ககிட்ட இல்ல. கிராணிம்மாகிட்ட இருக்கு."

"எங்கக்கா கை வேகமான கை," என்றான் சுகுமாரன்.

"வேகமா? போன தீவாளிக்கு நான் கேட்ட லீவு பாரமே இன்னும் வரல. ஒனக்குத் தல முழுசா நரைச்சப்பறம்தான் தாலி. பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் அம்மாக்கண்ணு சொன்னதை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாவி என்னிடம் இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவன் கண்டுபிடிப்பதற்காக வைத்தவை அவை. ஒரு பக்கத்துக்கு ஒரு பிழை வைப்பேன். எண் வர வேண்டிய இடத்தில் புள்ளி, அல்லது நடுவில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அவன் படித்து, மேசையில் தட்டி, விரலால் காட்டுவான். திருத்திய பக்கம் ஒப்புதலுக்காக மறுபடி தலைமை அலுவலகம் போகும், வரும். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். தையில் என்று பேசிய கல்யாணம் வைகாசிக்குத் தள்ளியது. வைகாசி ஆவணிக்குத் தள்ளியது. சசிரேகா போனில், "இன்னும் எத்தன பேஜ் அண்ணி?" என்று கேட்பாள். "கொஞ்சந்தாம்மா," என்பேன். அவள் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. நல்ல பெண்.

அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. வைத்த தவறு எதுவும் அந்த மேசையைத் தாண்டி வெளியே போனதில்லை. ஒன்றே ஒன்றுதான் போனது.

இங்கே ஃபேக்டரியின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உருட்டும் இயந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் கீழே இயந்திரத்தருகே நிற்பவனும், மேலே கண்ணாடி அறையில் சுவிட்சுகளுக்கு முன்னால் நிற்பவனும் விரலால்தான் பேசிக்கொள்வார்கள். அது அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது. டேப்லட் வந்த பிறகு அந்த விரல்கள் பக்கத்தின் எண்களாக மாறின. கீழே இருப்பவன் தான் செய்யப்போகும் படியின் எண்ணைக் காட்டுவான். மேலே இருப்பவன் தன் பக்கத்தில் அதே எண்ணைப் பார்த்து, அதே விரல்களைத் திருப்பிக் காட்டிவிட்டு, தன் வேலை இருந்தால் செய்வான். ஒருவன் தமிழ்ப் பக்கம் பார்ப்பான், மற்றவன் மலாய்ப் பக்கம் பார்ப்பான். எண் இருவருக்கும் பொது. எங்கள் ஃபேக்டரி முழுக்க அந்தப் பொது எண்ணின்மேல்தான் நின்றது.

கடைசியாக மிஞ்சியது டிரையர் பக்கம். டிரையர் என்பது ஓர் அறை அளவுக்குப் பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே சூடான காற்றில் தேயிலை பரப்பிய தட்டுகள் சங்கிலியில் சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டு சிக்கிக்கொண்டால் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய் எடுக்க வேண்டும். மலாய்ப் பக்கத்தில் படிகள் இப்படி இருந்தன. முதலில் கொழுந்து வருவதை நிறுத்துவது, இரண்டாவது சங்கிலியை நிறுத்துவது, மூன்றாவது மேலே சுவிட்சுக்குப் பூட்டுப் போடுவது. பிறகு எண் இல்லாத எச்சரிக்கை, சூடு இறங்கும்வரை காத்திருக்கவும். நான்கு, உள்ளே போவது. ஐந்து, ஆள் வெளியே வந்தாயிற்று, பூட்டைத் திறந்து சங்கிலியை ஓட்டுவது.

தமிழ் ஷீட்டில் அந்த எச்சரிக்கைக்கு எண் உள்ள ஸ்டைலைக் கொடுத்தேன். காத்திருப்பது நான்கானது. உள்ளே போவது ஐந்தானது.

இன்னொன்றும் செய்தேன். சுகுமாரன் எந்த இயந்திரத்துக்குள் கை விட்டாலும், அதன் ஃப்யூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் விடுவான். ஃப்யூஸ் அவன் பையில் இருந்தால் மேலே யார் என்ன தட்டினாலும் இயந்திரம் ஓடாது. அதை ஒரு படியாக எழுதச் சொல்லியிருந்தான். நான் அதைப் பக்கத்தின் கடைசியில், 'நினைவில் கொள்க' என்ற தலைப்பின் கீழே, ஒரு புள்ளியாக வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவன் டிரையர் பக்கத்தைப் படித்தபோது சசிரேகா போனில் இருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு படித்தான். கடைசிக்கு வந்ததும் மேசையில் தட்டினான்.

"அக்கா, ஃப்யூஸ் புள்ளி இல்ல. நம்பர். மொதல்ல செய்ய வேண்டியது."

"சரி, மாத்திர்றேன்."

"கண்டுபிடிச்சிட்டேன் சசி," என்று போனில் சொன்னான். "எங்கக்கா ஒரு பேஜுக்கு ஒண்ணு வப்பா. இதான் கடைசி."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டுமென்றே வைப்பதாக அவன் நினைத்தானா, வயதாகி என் கவனம் தவறுவதாக நினைத்தானா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று அவனைப் பழக்கியது நான்தான். ஒன்றைக் கண்டதும் பக்கத்தை மூடிவிட்டான். அன்று இரண்டு இருந்தன.

மறுநாள் சோதனை ஓட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். வேலையே தெரியாத ஒருவன் பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்தால் சரியாக வருமா என்பதுதான் சோதனை. அதைச் செய்துகாட்டும் பொறுப்பு சுகுமாரனுக்கு வந்தது.

"இன்னிக்கி நான் வேலைக்கே புதுசு," என்று டிரையர் முன்னால் கைகட்டி நின்றான். "கிராணிம்மா, இந்தப் பொட்டிக்குள்ள என்னாங்க வேகுது, கோழியா?"

அம்மாக்கண்ணு, "கல்யாண மாப்ளதான்," என்றாள்.

டேப்லட்டைப் பார்த்தவன் என் பக்கம் திரும்பினான். "ஃப்யூஸ் இன்னும் புள்ளியாவே இருக்கேக்கா."

"அடுத்த தடவ மாத்திக்கலாம்," என்றேன்.

"சார், ஃப்யூஸக் கழட்டிறவா?" என்று அதிகாரியைக் கேட்டான்.

"நம்பர்ல இருக்கா?"

"இல்ல சார். கீழ புள்ளியாதான் இருக்கு."

"அப்ப கடைசில பாத்துக்கலாம். நம்பர்படி மட்டும் செய்ங்க. அதான் டெஸ்ட்."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான். உருட்டும் இயந்திரங்களை ஓடவிட்டார்கள். மேலே கண்ணாடி அறையில் சப்ரி இருந்தான். லொம்போக் தீவிலிருந்து வந்தவன், பொறுமையான ஆள், மலாய்ப் பக்கம் பார்ப்பவன். அங்கிருந்து டிரையரின் கதவு தெரியாது. அதன் மூலைக்கு மேலே நீட்டப்படும் கை மட்டும் தெரியும்.

ஒன்று, இரண்டு, மூன்று. விரல்கள் கீழேயிருந்து போயின, மேலேயிருந்து வந்தன. இரண்டு பக்கமும் அதுவரை ஒன்றுதான். பிறகு சுகுமாரன் நான்கு விரலைக் காட்டினான். அவனுக்கு அது காத்திருப்பது. சப்ரிக்கு அது, ஆள் உள்ளே போகிறான் என்பது. சப்ரி நான்கு விரலைத் திருப்பிக் காட்டினான்.

நான்காம் எண்ணிலேயே இடிக்கும், சோதனை நின்றுவிடும், எல்லாப் பக்கங்களையும் முதலிலிருந்து எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள், அதற்கே மறு வருஷம் ஆகிவிடும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். விசாரணையில் யாராவது கேட்டிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான்கில் மேலே இருப்பவனுக்கு இரண்டு பக்கத்திலும் வேலை இல்லை. இடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பக்கங்களையும் எழுதிய எனக்கு அது தெரியாது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

சூடு இறங்க நேரம் எடுக்கும். முள் மெதுவாகத்தான் கீழே வரும். அந்த நேரம் முழுவதும் சுகுமாரன் டிரையருக்குப் பக்கத்தில் நின்று அம்மாக்கண்ணுவின் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவள் துடைப்பத்தால் அவனை அடிப்பதுபோல ஓங்கினாள். நான் அவனிடமிருந்து கூப்பிடும் தூரத்தில் நின்றேன். கூப்பிட்டால் கேட்காது, ஆனால் நடந்து போய்த் தோளைத் தொடலாம். அதிகாரிக்குத் தேநீர் இன்னும் கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. போய்க் கலந்து எடுத்து வந்தேன். சர்க்கரை போதுமா என்று சைகையில் கேட்டேன். போதும் என்று தலையசைத்தார்.

முள் இறங்கியது. சுகுமாரன் கதவைத் திறந்தான். டிரையரின் மூலைக்கு மேலே கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். யாருக்கோ போய் வருகிறேன் என்று சொல்வதுபோல இருந்தது. மேலேயும் ஒரு கை விரிந்தது. அவன் குனிந்து உள்ளே போனான். சப்ரி பூட்டைத் திறந்தான்.

அம்மாக்கண்ணு மேலே பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவள் வாய் திறந்திருந்தது. மேலே சப்ரிக்கு அவள் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. சங்கிலி நின்றபோது கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மற்றதை அறிக்கையில் படித்திருப்பீர்கள்.

எல்லோரும் டிரையரைச் சுற்றி நின்றபோது நான் ஆபீஸுக்குப் போனேன். தமிழ் ஷீட்டைத் திறந்து, எச்சரிக்கைக்கு எண் இல்லாத ஸ்டைலைக் கொடுத்து, ஒப்புதலுக்கு அனுப்பாமலே பக்கத்தை வெளியிட்டேன். எல்லா டேப்லட்டுகளிலும் உடனே மாறிவிட்டது. அந்த வேலை இவ்வளவு சுலபம் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நீங்கள் கேட்ட மாற்றம் அதுதான். அப்படியே ஃப்யூஸையும் புள்ளியிலிருந்து எண்ணுக்குக் கொண்டுவந்திருக்கலாம். அதிகாரி அதைப் பார்த்திருந்தார் என்பதால் விட்டுவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் இரண்டு மொழிப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். எண்கள் பொருந்தின. அப்படியானால் ஒன்று சுகுமாரன் தவறான விரலைக் காட்டியிருக்க வேண்டும், அல்லது சப்ரி நான்கை ஐந்தாகப் பார்த்திருக்க வேண்டும். இறந்தவனைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

சப்ரியை ஊருக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. என்னை எப்போதும் அவன் பாஷையில் அக்கா என்று, காக் என்றுதான் கூப்பிடுவான். "காக், அவுரு அஞ்சு காட்டினாரு. சத்தியமா அஞ்சு. நான் பாத்தேன்," என்றான். எங்கள் ஆட்களிடம் கற்ற தமிழ்.

"எனக்குத் தெரியும்பா," என்றேன்.

அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தத் தோட்டத்தில் அவனை நம்பியது நான் ஒருத்திதான்.

நான் மறு வருஷம்வரை தள்ளிப்போட நினைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்தேன். அதில் ஓர் இடம் சரியில்லை. நீங்களும் படிக்கும்போது மேசையில் தட்டுவீர்கள் என்பதால் நானே திருத்திவிடுகிறேன். 'உள்ளே போவது' என்று பக்கத்தில் நானே எழுதியிருந்தாலும், சிக்கிய தட்டை எடுக்க ஒரு கைதான் உள்ளே போகும் என்று நினைத்தேன். மற்ற ஃபிட்டர்கள் அப்படித்தான் செய்வார்கள்; அவன் முழு உடம்போடு உள்ளே போகிறவன் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒரு கை இல்லாதவனை லிஃப்ட் கம்பெனி எடுத்துக்கொள்ளாது. சசிரேகா நல்ல பெண்தான், வந்து வந்து பார்ப்பாள். அவள் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தோட்டத்தில் ஏதாவது உட்கார்ந்த வேலை கொடுத்துவிடுவார்கள். அன்று காலை அவனுக்கு இன்னொரு தோசையைப் போட்டபோது, இனிமேல் நான்தான் பிய்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்து எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. சின்ன வயதில் அப்படித்தான் ஊட்டினேன்.

எனக்கு வேறு கெட்ட எண்ணம் இருக்கவில்லை.

இப்போது வீடு ஒழுங்காக இருக்கிறது. சாயங்காலம் தேநீர் போட்டுக்கொண்டு மேசையில் உட்காருகிறேன். நேப்பாளத்துப் பிள்ளைகள் இன்னும் தலையசைக்கிறார்கள். அம்மாக்கண்ணு ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு மகளோடு திரிங்காப்பில் பூத்தோட்ட வேலைக்குப் போய்விட்டாள். சசிரேகா எப்போதாவது ஈப்போவிலிருந்து ஏறி வருவாள், அண்ணி என்று கூப்பிடுவாள், கொஞ்ச நேரம் அழுவாள். அவளுக்குத் தோசை ஊற்றிக் கொடுப்பேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, தோட்டத்து மேட்டில் அவனை எரித்த இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அவன் ஈப்போவுக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறான்.

கிஷன் துரை ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். பக்கங்களின் அடியில் உள்ள பெயரை எடுத்துவிட்டுப் புதிய ஃபிட்டரின் பெயரைப் போட வேண்டும் என்று. செய்கிறேன் என்று சொன்னேன். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். இனி அது உங்கள் பொறுப்பு. உங்கள் விருப்பம்போல் செய்யலாம். இன்று காலை டேப்லட்டில் பார்த்தேன். எல்லாப் பக்கங்களிலும், டிரையர் பக்கத்திலும், சந்தேகம் இருந்தால் சுகுமாரனைக் கேட்கவும் என்றுதான் இருக்கிறது.